அளவான பிள்ளைகள்

இசக்கியம்மாளிடம் ஒரு கட்டடத்தின் படத்தை நீட்டி, "இது எத்தனை அடி இருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். சுவரைப் பார்க்கமாட்டாள், கூரையைப் பார்க்கமாட்டாள், நேரே படிக்கட்டுக்குத்தான் போவாள். சுவர் எவ்வளவு உயரமும் இருக்கலாம், அது கட்டுகிறவன் வசதி. ஆனால் படி ஏழு அங்குலம்தான். மனுஷன் காலை எவ்வளவு தூக்குவானோ அவ்வளவுதான் படி. படத்தில் பத்துப் படியை அளந்துவிட்டால் மொத்தக் கட்டடத்தின் அளவும் வந்துவிடும் என்பது அவள் கணக்கு. முப்பத்தொரு வருஷமாகத் திருநெல்வேலி பேட்டையில் தகரக் கூரைப் பட்டறை போட்டு, கட்டடங்களுக்கு மாதிரி செய்து கொடுக்கிறவள். அவள் கணக்கு பிசகியதாக இதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை.

அவளிடம் இன்னொரு வித்தையும் உண்டு. அதை அவள் வெளியே சொல்லமாட்டாள். அடுக்குமாடி வீடு விற்கிறவர்கள் மாதிரி கேட்டு வருவார்கள் அல்லவா, அவர்களுக்காகக் கட்டில், சோபா, சாப்பாட்டு மேசை எல்லாவற்றையும் முக்கால் அளவில் செய்து உள்ளே வைப்பாள். வீடு நூற்றுக்கு ஒன்று என்றால் கட்டில் நூற்றுமுப்பதுக்கு ஒன்று. பார்க்கிறவர்களுக்கு ஏனென்று புரியாது, அறை மட்டும் ஜம்மென்று தெரியும். குடிபோய் நிஜக் கட்டிலைப் போட்டால் கதவு திறக்காது. அதற்கு அவள் என்ன செய்வாள்? கேட்டார்கள், செய்து கொடுத்தாள். இப்படித்தான் அவள் தனக்குத் தானே சொல்லி வைத்திருந்தாள்.

அப்பேர்ப்பட்டவளிடம்தான் நெடுந்துணைக்கு மாதிரி செய்யும் வேலை வந்தது.

நெடுந்துணை ஆகாயக் கப்பல். வருஷத்தில் ஒன்பது மாசம் வெயில் கொளுத்தி, ஆறு வாய்க்காலாகி, வாய்க்கால் தடமாகி, இனி இந்த மண்ணில் காலம் தள்ள முடியாது என்று ஆனபிறகு, வேறொரு சூரியனைச் சுற்றும் வேறொரு மண்ணுக்கு ஜனங்களைக் கொண்டுபோகக் கட்டியது. போய்ச் சேர நூற்றெண்பது வருஷம். ஏறுகிறவர்கள் ஒருத்தரும் இறங்கப்போவதில்லை. ஐந்தாறு தலைமுறை தள்ளிப் பிறக்கிறவர்கள்தான் இறங்குவார்கள். மாவட்டத்துக்கு நானூறு குடும்பம் என்று பட்டியல் போட்டிருந்தார்கள். ஒரே நாளில், ஒரே மண்டபத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். முந்நூற்றைம்பது கையெழுத்தாவது தேறாவிட்டால் அந்த மாவட்டத்தின் இடம் முழுவதும் வேறு மாவட்டத்துக்குப் போய்விடும்.

பட்டியலில் இசக்கியம்மாளின் மகள் உலகம்மையும் மருமகனும் இருந்தார்கள். "உலகம்மைன்னு பேர வச்சிட்டு உலகத்த விட்டே அனுப்புதியே இசக்கி" என்று தெருவில் கேலி பண்ணுவார்கள். இசக்கியும் சிரிப்பாள், பிறகு வீட்டுக்குள் போய் அழுவாள். உலகம்மை குழந்தைகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நாலு மாசக் கர்ப்பம். கப்பல் கிளம்ப இன்னும் இரண்டு மாசம் இருந்தது. பேரனோ பேத்தியோ, பிறக்கப்போவது கப்பலில்தான். இசக்கி அதன் முகத்தைப் பார்க்கப் போவதில்லை. போகட்டும், எங்கேயாவது உயிரோடு இருந்தால் சரி என்று மனசைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

மாதிரி செய்யும் வேலை தனக்கு வந்த சந்தோஷத்தை மகளிடம் சொன்னபோது, உலகம்மை, "வேற யாருகிட்டயாவது குடுக்கச் சொல்லும்மா. ஒனக்குக் கண்ணு முன்ன மாதிரியா இருக்கு?" என்றாள். தாய் மேல் உள்ள கரிசனம் என்று இசக்கி நினைத்துக்கொண்டாள்.

கப்பல் நிறுவனம் அனுப்பிய வரைபடத்தில் அளவு என்று ஓர் எண்கூட இல்லை. கேட்டால் பாதுகாப்புக் காரணம் என்றார்கள். மாதிரி எட்டடி நீளம், ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே அறுநூறு ஆள் பொம்மை. இவ்வளவு தெரிந்தால் போதுமாம். போதுமாவது! பொம்மை என்ன உயரத்தில் வேண்டும் என்று தெரியாமல் எப்படிப் பொம்மை செய்வது? மக்காச்சோள மணி அளவிலா, அரிசி அளவிலா? கப்பலின் சரியான அளவைத் தானே கண்டுபிடித்துவிடுவது என்று இசக்கி உட்கார்ந்தாள்.

வழக்கம்போலப் படிக்கட்டில் ஆரம்பித்தாள். ஜனங்கள் ஏறும் வாசல் இருக்கும் பின்பாதியில் ஒரு படிக்கட்டு இருந்தது. மாதிரியின் அளவில் பத்துப் படி பன்னிரண்டு மில்லிமீட்டர் வந்தது. கதவு பதினாலு மில்லிமீட்டர். ஏழடிக் கதவென்றால் நூற்றைம்பதுக்கு ஒன்று. எட்டடியை நூற்றைம்பதால் பெருக்கினால் ஆயிரத்து இருநூறு அடி. கப்பல் ஆயிரத்து இருநூறு அடி நீளம் என்றுதான் ஊரெல்லாம் விளம்பரப் பலகை வைத்திருந்தார்கள். "எந்தப் பாதுகாப்பும் படிக்கட்டுகிட்ட செல்லாது" என்று இசக்கி தன்னையே மெச்சிக்கொண்டு காபி போட்டுக் குடித்தாள். அந்தக் கணக்கில் ஆள் பொம்மை பதினொரு மில்லிமீட்டர். முந்நூறு பொம்மைகளைப் பின்பாதிக்குச் செய்து சாயம் பூசி முடித்தாள்.

வில்லங்கம் முன்பாதியில் வந்தது.

அங்கே ஒரு கதவுக்குப் பக்கத்தில் சும்மா ஒரு பொம்மையை நிறுத்திப் பார்த்தாள். தலை கதவு நிலையில் இடித்தது. கதவு ஒன்பது மில்லிமீட்டர்தான். படிக்கட்டை அளந்தாள், பத்துப் படிக்கு எட்டு மில்லிமீட்டர். கட்டிலை அளந்தாள், நாலடிக்கு மேல் போகவில்லை. கக்கூஸ் பீங்கானைக்கூட விடாமல் அளந்தாள், அதுவும் அப்படித்தான். பின்பாதியை நம்பினால் கப்பல் ஆயிரத்து இருநூறு அடி, முன்பாதியை நம்பினால் ஆயிரத்து எண்ணூறைத் தாண்டுகிறது. ஒரே கப்பலுக்கு இரண்டு அளவு எப்படி இருக்கும்? பின்பாதியில் ஆறு தளம் இருந்த உயரத்தில் முன்பாதியில் ஒன்பது தளம் அடுக்கியிருந்தார்கள்.

இசக்கிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அட பாவிகளா, நம் வித்தையை நம்மிடமேயா! அறையைக் கூட்டிக் காட்டுவதற்காக உள்ளே இருக்கிற சாமானையெல்லாம் சுருக்கி வரைந்திருக்கிறான்கள். ஃபிளாட் விற்கிறவனுக்குத் தெரிந்த புத்தி கப்பல் விற்கிறவனுக்குத் தெரியாமல் போகுமா?

சிரிப்பு அடங்கியதும் கோபம் வந்தது. இந்தத் தடவை குடிபோகிறவள் தன் மகள். ஆறு தளம் கொள்கிற இடத்தில் ஒன்பது தளத்து ஜனத்தை அடைத்தால் அவள் பிள்ளை எங்கே கால் நீட்டும்? இறங்கி வேறு வீடு பார்த்துக்கொள்கிற இடமா அது? வந்த கோபத்தில் முன்பாதியை அவளே திருத்தினாள். கதவைப் பதினாலு ஆக்கினாள், படியைச் சரிசெய்தாள், தளம் ஒன்பதை ஆறாக்கினாள். திருத்தியதைப் படம் எடுத்து, 'உங்கள் வரைபடத்தில் அளவுப் பிழை இருக்கிறது' என்று எழுதி நிறுவனத்துக்கு அனுப்பிவைத்தாள்.

மறுநாள் காலையிலேயே நிறுவனத்துப் பொறியாளர் ஞானதுரை பட்டறைக்கு வந்துவிட்டான். மருமகன் வயசுதான் இருக்கும். கண்ணாடிப் பக்கம் குனிந்து முன்பாதியைத் தளம் தளமாக எண்ணினான்.

"அம்மா, இங்க ஒன்பது தளம் இருக்கணும். ஆறுதான் இருக்கு."

"ஒம்பது எப்படித் தம்பி வரும்? ஒங்க ஆளுக சாமானச் சின்னதாப் போட்டு எடத்தப் பெருசாக் காட்டியிருக்காவ. பத்துப் படி அங்கன பன்னெண்டு, இங்கன எட்டு. இந்த வித்தையெல்லாம் நான் பாக்காததா? ஆயிரம் வீட்டுக்குச் செஞ்சிருக்கேன்."

"இல்லம்மா. படம் சரிதான்."

"என்னத்தச் சரி? நாலரை அடிக் கதவுல மனுசன் எப்படிப் போவான்? தவந்தா?"

"நிமிர்ந்தே போவாங்கம்மா" என்றான் ஞானதுரை.

அவன் கேலி பண்ணுகிறானோ என்று இசக்கி முகத்தைப் பார்த்தாள். அவனைப் பார்த்தால் அப்படி ஒன்றும் தெரியவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"பின்பாதி இப்ப ஏறறவங்களுக்கு. முன்பாதி கப்பல்ல பிறக்கறவங்களுக்கு. மூணு வயசிலிருந்து மாசம் ஒரு ஊசி போடுவோம். மூணரை அடியோட வளர்த்தி நின்னுடும். நூத்தெண்பது வருஷத்துக்குச் சோறு, தண்ணி, காத்து எல்லாத்தையும் இங்கிருந்தே கொண்டுபோகணும்மா. நம்ம உயரத்துக்கு ஆளுங்க இருந்தா பாதி வழியில தீர்ந்துடும். உயரத்துல மூணுல ஒரு பங்கு குறைச்சா…"

"எடையில மூணுல ரெண்டு பங்கு போயிரும்" என்று இசக்கியே முடித்தாள். மாதிரியைப் பாதி அளவில் செய்தால் அட்டையும் பிசினும் பாதி ஆகாது, எட்டில் ஒன்றாகும். தொழிலுக்கு வந்த முதல் மாசமே அவள் படித்த பாடம் அது. தன் வாயாலேயே அதைச் சொல்லிவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அதேதான்" என்றான் அவன், புரிந்துகொள்ளும் ஆள் கிடைத்த நிம்மதியில். "ஒருத்தர் சாப்பாட்டுல மூணு பேர் இருக்கலாம்."

"புத்திக்கு ஒண்ணும் ஆவாதா?"

"ஆகாது. சோதிச்சுப் பார்த்தாச்சு."

"யாருக்குப் போட்டுச் சோதிச்சீங்க?"

ஞானதுரை மேசையில் கிடந்த உப்புத்தாளை எடுத்து மடித்தான், பிரித்தான், மறுபடியும் மடித்தான்.

"சரி, அத விடுங்க. கையெழுத்துப் போடப்போற சனத்துக்கு இது தெரியுமா?"

"ஒப்பந்தத்துலயே இருக்கும்மா. நாங்க எதையும் மறைக்கலை. பதினேழாவது பிரிவு." கைப்பேசியில் தேடி எடுத்து வாசித்தான். "கப்பலில் பிறக்கும் பிள்ளைகள் அளவானவர்களாக இருப்பர். இதற்கான மருத்துவ ஏற்பாட்டுக்குப் பெற்றோர் உடன்படுகின்றனர்."

இசக்கிக்கு அந்தப் பிரிவு நன்றாக ஞாபகம் இருந்தது. மகள் வாசிக்க வாசிக்க அடுப்படியிலிருந்து கேட்டவள்தான். அளவான குடும்பம் என்று ஆஸ்பத்திரிச் சுவரில் எழுதியிருப்பதைப் பார்த்தே வளர்ந்த ஊர் இது. அளவான பிள்ளைகள் என்றால் ஒன்று, மிஞ்சினால் இரண்டு, அதற்கு மேல் பெறக் கூடாது. மருத்துவ ஏற்பாடு என்றால் பிரசவத்துக்குப் பிறகு செய்கிற ஆபரேஷன். வேறு என்னவாக இருக்க முடியும்? "அங்கனயும் போயி குடும்பக் கட்டுப்பாடா?" என்று சிரித்தது நினைவு வந்தது. அன்றைக்கு உலகம்மை சிரிக்கவில்லை.

"இத எந்தப் படுபாவி எழுதினான்?"

"ஒரு குழு எழுதினதும்மா. தமிழ்ல எழுதறப்போ வார்த்தை அப்படி அமைஞ்சுபோச்சு. பொய் இல்லையே." எழுந்து நின்றுகொண்டான். "ஒன்பது தளமே இருக்கட்டும். அங்க ஏழு மில்லிமீட்டர் பொம்மை வைங்க. நடுவுல தடுப்புச் சுவர் வர்றதால ரெண்டு சைஸும் பக்கத்துல பக்கத்துல வராது. தாயும் பிள்ளையுமா ஜோடி பொம்மை மட்டும் எங்கயும் வேண்டாம். தனித்தனியாப் பார்த்தா யாருக்கும் வித்தியாசம் தெரியாது. இப்ப ஏறறவங்க காலம் முடிஞ்சதும் பின்பாதியைக் கழட்டி விட்டுடுவோம், அப்புறம் கப்பல் முழுக்க ஒரே அளவுதான்." வாசல் வரை போனவன் திரும்பினான். "நீங்க ஃபிளாட்டுக்குச் செய்யறதுதானேம்மா."

அவன் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அதுதான் இசக்கியை இன்னும் சுட்டது. வாழ்நாளெல்லாம் பொம்மைச் சாமானைச் சுருக்கி வீட்டைப் பெரிசாகக் காட்டியவள் அவள். இவர்கள் சாமானோடு மனுஷரையும் சுருக்கிவிட்டார்கள்.

அன்றைக்கு முழுக்க அவள் வேறு வேலை செய்யவில்லை. ஒரே ஒரு ஜோடி செய்தாள். பதினொரு மில்லிமீட்டரில் ஒரு தாய், ஏழு மில்லிமீட்டரில் ஒரு மகன். மகனுக்கு மீசை வரைய ஊசி முனையால்கூட முடியவில்லை. சாயம் காய்ந்ததும் இருவரையும் ஒரு அட்டைத் துண்டில் ஒட்டினாள். ஜோடியைத் தடுப்புச் சுவரின் கதவிலேயே நிறுத்துவது, நானூறு குடும்பமும் பார்க்கட்டும் என்று முடிவு கட்டினாள்.

சாயங்காலம் டூட்டி முடிந்து உலகம்மை பட்டறைக்கு வந்தாள். இசக்கி அட்டைத் துண்டை அவள் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது நீ. பக்கத்துல ஒன் மவன். இருவத்தஞ்சு வயசுல."

உலகம்மை பொம்மையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். "ஏழு மில்லிமீட்டரா?" என்றாள். "மூணரை அடி. சரியாத்தான் இருக்கு."

அளவை இசக்கி சொல்லவே இல்லை. சில நொடி கழித்துத்தான் அது அவளுக்கு உறைத்தது.

"ஏட்டி, ஒனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாம எப்படிம்மா? அந்த ஊசியப் போடப்போறதே நாந்தான். எட்டு மாசமாப் பயிற்சி குடுக்காவ. நம்மள மாதிரி குடும்பத்துக்குப் பட்டியல்ல எடம் எப்படிக் கெடச்சுதுன்னு நெனச்ச? நர்சு வேணும்னுதான் குடுத்தாவ."

இசக்கி கையை ஓங்கிவிட்டாள். மகளின் வயிற்றைப் பார்த்ததும் கை தானாகக் கீழே இறங்கியது.

"ஒன் வயித்துல கெடக்கே, அதுக்கும் நீயே போடுவியா?"

"நாந்தான் போடுவேன். வேற ஒருத்தியத் தொட விடமாட்டேன்."

"பாவி! வளர வேண்டிய பிள்ளையப் புடிச்சு அமுக்கி வைக்கதுக்கு ஒனக்கு எப்படிட்டி மனசு வருது?"

"மனசா?" உலகம்மை கத்தவில்லை. கத்தியிருந்தால் இசக்கி தாங்கியிருப்பாள். "போன சித்திரையில ஒரே வாரத்துல என் வார்டுல பதினாலு பிள்ள வெக்கையிலயே போச்சும்மா. ஐஸ் வச்சோம், சேலைன் ஏத்தினோம், ஒண்ணும் நிக்கல. பதினாலையும் என் கையாலதான் துணியில சுத்திக் குடுத்தேன். அந்தத் தாய்மாருகிட்டப் போயி, ஒம் பிள்ள மூணரை அடிதான் வளரும், ஆனா இருக்கும்னு சொல்லியிருந்தா வேண்டாம்னா சொல்லியிருப்பாவ?"

"அப்ப அதச் சொல்லிக் கேக்கணும்லா! ஒனக்குத் தெரிஞ்சு போற. மத்தவுகளுக்குத் தெரியாண்டாமா?"

"தெரிஞ்சா பாதிப் பேரு கையெழுத்துப் போடமாட்டாவ. முந்நூத்தம்பது வராது. இந்த மாவட்டத்துக்கே இல்லன்னு போயிரும்." அவள் கை வயிற்றின் மேல் இருந்தது. "ஒனக்குச் சொல்லணும்னா சொல்லும்மா. நான் ஒன் வாயப் பொத்தப்போறதில்ல. ஆனா சொன்னதுக்கப்பறம், அடுத்த சித்திரையில இத எங்கன வச்சுக் காப்பாத்தன்னும் நீயே சொல்லிரு."

இசக்கி மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். மகளும் அழுதாள், அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்தாள் போலிருக்கிறது. கிளம்பும்போது அந்த அட்டைத் துண்டை உலகம்மை கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அடுத்த ஆறு நாளும் இசக்கி சரியாகச் சாப்பிடவில்லை. முன்பாதியைப் பிய்த்து ஒன்பது தளமாக மறுபடி கட்டினாள். ஏழு மில்லிமீட்டரில் முந்நூறு பொம்மை செய்து ஒவ்வொன்றாகச் சாமணத்தால் கவ்வி எடுத்து நிறுத்தினாள். ஒருத்தருக்கும் தலை இடிக்கவில்லை. அறைகள் எடுப்பாக இருந்தன. தொழில் சுத்தமாகத்தான் அமைந்தது, அதற்காகவே தன்னைத் தானே திட்டிக்கொண்டாள்.

கையெழுத்து நாளன்று மண்டபத்தில் ஈ புகுந்து வர இடமில்லை. மாதிரியைச் சுற்றி ஜனம் மொய்த்தது. கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்து, இதுதான் நம் வீடு, இதுதான் பள்ளிக்கூடம் என்று விரல் வைத்துக் காட்டிச் சண்டை போட்டுக்கொண்டார்கள். பார்க்கிறவர்களுக்கு விளக்கம் சொல்ல இசக்கியை மாதிரிக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தார்கள். யாராவது ஒருத்தர் அந்தப் படிக்கட்டை உற்றுப் பார்த்துக் கேட்கமாட்டாரா என்று காலையிலிருந்து காத்துக்கொண்டிருந்தாள். கேட்டால் சொல்லிவிடுவோம் என்றும் தோன்றியது, கேட்டுத் தொலைக்காமல் இருக்கவேண்டுமே என்றும் தோன்றியது. யாரும் கேட்கவில்லை. எல்லோரும் பொம்மைகளைத்தான் பார்த்தார்கள். உலகம்மை பதினொரு மணிக்கே கையெழுத்துப் போட்டுவிட்டு, தாயின் பக்கம் வராமல் எதிர்ச்சுவர் ஓரம் நின்றாள்.

மூன்று மணிக்கு வரிசை தேய்ந்தது. ஞானதுரை வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தான். "இன்னும் ஏழு கையெழுத்து வேணும்மா. சில பேர் யோசிக்கிறாங்க" என்று முணுமுணுத்துவிட்டு நகர்ந்தான்.

அப்போதுதான் திசையன்விளையிலிருந்து வந்த ஒரு பெண் கண்ணாடி அருகே வந்தாள். கல்யாணமாகி ஆறு மாசம் இருக்கலாம், தாலிக்கயிற்றில் மஞ்சள் இன்னும் வெளுக்கவில்லை. புருஷன் ஓரடி பின்னால் கூச்சத்தோடு நின்றான். அவர்களுக்குப் பின்னால் இன்னும் ஆறேழு ஜோடி, இவர்கள் என்ன செய்கிறார்கள் பார்ப்போம் என்று நின்றது.

"யக்கா, நீங்கதான இதச் செஞ்சது?"

"ஆமா தாயி."

"அப்ப ஒங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கும். பேப்பர்ல பதினேழாவதுல, பிள்ளைக அளவா இருக்கணும்னு போட்டிருக்காவளே. எத்தனைன்னு போடல. ஒண்ணா, ரெண்டா? இவுகளுக்கு மூணு வேணுமாம்." புருஷன் அவளை முழங்கையால் இடித்தான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஒண்ணுதான்னா நாங்க வரல. ஒத்தப் பிள்ள தொணைக்கு ஆள் இல்லாம அந்த இருட்டுக்குள்ள என்ன செய்யும்? அதான் கையெழுத்துப் போடாம நிக்கோம்."

இசக்கி அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்தாள். ஓர் ஐந்தடி இரண்டங்குலம் இருப்பாள். வாயைத் திறந்து ஒரு வாக்கியம் சொன்னால் போதும். எதிர்ச்சுவர் ஓரம் உலகம்மை அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். அவள் தாயைத் தடுக்கவும் இல்லை, கண்ணால் கெஞ்சவும் இல்லை. சொன்னபடி நின்றாள்.

இசக்கி செம்பில் இருந்த தண்ணீரை ஒரு மடக்குக் குடித்தாள்.

"ரெண்டு" என்றாள். "ரெண்டு வரைக்கும் பெத்துக்கிடலாம் தாயி."

"அம்புட்டுதானா! இத வெவரமாப் போட்டா என்னவாம்?" என்று அந்தப் பெண் பெருமூச்சு விட்டாள். புருஷனின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேசைப் பக்கம் போனாள். பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராக அவர்களுக்குப் பின்னால் போனார்கள்.